சுவர் சைட்டுல... தளம் லாரியில!



போன வாரம் தூத்துக்குடியிலிருந்து மாமா போன் பண்ணார். "மருமகனே, நீ சிவில்தான படிக்க?" என்றார். இந்தக் கேள்விக்கு 'ஆமா'ன்னு பதில் சொன்ன எந்த சிவில் மாணவனும் இதுவரை நிம்மதியா தூங்கினது கிடையாது. அடுத்து வாஸ்து கேப்பாங்க, இல்லன்னா செப்டிக் டேங்க் எங்க வைக்கலாம்னு கேப்பாங்க. மாமா கேட்டது அதைவிடப் பெரிய குண்டு.

"மில்லர்புரம் பக்கம் இடம் கிடக்குல்லா... கீழ ரெண்டு வீடு, மேல ரெண்டு, அதுக்கு மேல ரெண்டுன்னு கட்டி வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். நேத்து ஒருத்தன் வந்தான். சுவரை மட்டும் நீங்க எழுப்புங்க, தளத்தை நாங்க ரெடிமேடா லாரியில கொண்டாந்து இறக்கிருதோம், சென்ட்ரிங்கே வேண்டாங்கான். போடலாமால?"

எங்க சிலபஸ்ல இது இருக்கு பாஸ். 'ப்ரீகாஸ்ட்டின் நன்மைகள் யாவை?' ரெண்டு மார்க் கேள்வி. வேகம், தரம், செலவு மிச்சம், கழிவு குறைவுன்னு நாலு வரி எழுதினா ரெண்டு மார்க் உறுதி. ஆனா அந்த நாலு வரியை நம்பி ஆறு குடும்பம் படுத்துத் தூங்குமா? "ரெண்டு நாள் டைம் கொடுங்க மாமா"ன்னு சொல்லிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடி பஸ் ஏறிட்டேன். பையில ரெண்டு கோடு புத்தகம், ஒரு டேப்.

முதல்ல, ப்ரீகாஸ்ட்டுன்னா ஏதோ ஃபாரின் சரக்குன்னு நினைச்சுடாதீங்க. செப்டிக் டேங்குக்கு மேல மூடுற ஸ்லாப், கிணத்துக்கு இறக்குற உறை, பைபாஸ் ரோட்டோரம் பிளாட் போட்டவங்க சொருகி வைக்கிற ரெடிமேட் காம்பவுண்டு சுவர், எல்லாமே ப்ரீகாஸ்ட்தான். வேற இடத்துல வார்த்து, இறுகவிட்டு, தூக்கிட்டு வந்து வைக்கிறது. அவ்வளவுதான் மேட்டர். தூத்துக்குடியில கடலுக்கடியிலயே இருக்கு. மன்னார் வளைகுடாவுல அரிச்சுக் கரைஞ்சுகிட்டிருந்த வான் தீவைக் காப்பாத்த, 2015-ல ஆரம்பிச்சு ஓட்டை போட்ட கான்கிரீட் கட்டமைப்புகளைக் கரையில வார்த்து, கொண்டு போய்க் கடல்ல இறக்கினாங்க. மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல. அலையோட வேகத்தை உடைக்கிறது ஒரு வேலை, மீன் குடியிருக்க இடம் கொடுக்கிறது இன்னொரு வேலை. ஆக, மீனுக்கு ப்ரீகாஸ்ட் வீடு கிடைச்சாச்சு. இப்போ மாமாவோட டர்ன்.

நம்ம ஊரு வழக்கமான தளம் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். சுவர் எழும்பும். முட்டுக் கொடுத்துப் பலகை அடிப்பாங்க. கம்பி கட்டுவாங்க. ஒருநாள் காலையில மிக்சர் மிஷின் வந்து, தெருவே அதிர கான்கிரீட் போடுவாங்க. பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவாங்க. நாலரை மீட்டருக்கு உள்பட்ட தளத்துக்கே முட்டுக ஏழு நாளாவது நிக்கணும்னு ஐ.எஸ். 456 சொல்லுது. அதைவிடப் பெரிய அறைன்னா 14 நாள். அதுவரைக்கும் கீழ்த்தளத்துல முட்டுக் காடு. உள்ள ஒரு வேலையும் ஓடாது. மூணு தளம்னா மூணு தடவை இந்தக் கூத்து. பலகை வாடகை, ஆள் கூலி எல்லாம் தனி. லாரிக்காரர் சொல்றதுல ஆசை வர்றது நியாயம்தான்.

சரி, அந்த லாரியில என்ன வரும்? ரெண்டு சமாச்சாரம் முக்கியம்.

ஒண்ணு, ஹாலோகோர். நடுவுல நீளநீளமா ஓட்டை போன பெரிய பலகை. பொதுவா 1.2 மீட்டர் அகலம் இருக்கும். மாமா வீட்டு பெட்ரூம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அந்த நீளத்துக்கு ஒரு பலகையே ஏறக்குறைய ஒரு டன். கிரேன் இல்லாம அசைக்க முடியாது. மில்லர்புரத்துல கிரேன் நிக்கும். கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால இருக்கிற சந்துகள்ல கிரேன் திரும்புறதுக்குள்ள கட்டடமே முடிஞ்சிரும்.

ரெண்டாவது, நம்ம நாட்டுத் தயாரிப்பு. ரூர்க்கியில இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின பிளாங்க் - ஜாயிஸ்ட் முறை. 1994-ல இதுக்கு ஐ.எஸ். 13990, 13994-ன்னு ரெண்டு கோடும் வந்தாச்சு. சுவருக்குச் சுவர் சின்னச் சின்ன கான்கிரீட் உத்திரம் வைப்பாங்க. அதுதான் ஜாயிஸ்ட். அதுக நடுவுல ஒரு அடி அகலக் குட்டிப் பலகைகளை அடுக்குவாங்க. நம்ம தாத்தா காலத்து வீட்டுல மரக்கட்டையை வரிசையா வச்சு, மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்டு மட்டப்பா எடுத்தாங்களே, அதே ஐடியா. மரத்துக்குப் பதிலா கான்கிரீட்.

பஸ்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே பெட்ரூமுக்கு ரெண்டு ஜாயிஸ்ட், முப்பது பலகை வரும். ஒரு பலகை சுமார் 45 கிலோ. ரெண்டு பேர் அசால்ட்டா தூக்கலாம். ஜாயிஸ்ட் ஒண்ணு 180 கிலோ பக்கம். அஞ்சாறு பேரோ ஒரு செயின் பிளாக்கோ போதும். கிரேன் வேண்டாம். ஆஹா, மாமாவுக்கு மாட்டினது லட்டுன்னு சந்தோஷமா இறங்கினேன்.

சந்தோஷத்தைக் கலைச்சது கொத்தனார் அண்ணாச்சி.

மாமா வீட்டுக்கு முப்பது வருஷமா வேலை பாக்கிறவர். நான் நோட்டைக் காட்டி விளக்குறதை முழுசாக் கேட்டுட்டு, வாயிலிருந்த வெத்தலையைத் துப்பிட்டு வந்து உக்காந்தார். "தம்பி, நீங்க படிச்சவிய. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ரெண்டு பலகை சேருத எடத்துல தண்ணி எறங்காதா? ஒழுகுனா உங்க மாமா லாரிக்காரனையா ஏசுவாக? என்னையத்தான ஏசுவாக!"

கேள்வி செம நியாயம். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கு மறக்கும்? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. வழக்கமா வருஷம் முழுக்கச் சேத்தாக்கூட அவ்வளவு வராத கரை அது. அந்த மழையில ஒரே வார்ப்பா போட்ட தளமே ஒழுகினது. முப்பது துண்டை அடுக்கின தளம் என்னாகும்?

இதுக்கு பதில் என் கையில இருந்தது. பலகையை அடுக்கினா தளம் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. பலகைகளோட ஓரம் சரிவா, மெல்லிசா இருக்கும். நடுவுல 6 சென்டிமீட்டர், ஓரத்துல 3. ரெண்டு பலகை சேரும்போது நடுவுல ஒரு பள்ளம் விழும்ல? அதுல கம்பி வச்சு சைட்லயே கான்கிரீட் போட்டு நிரப்பணும். ஜாயிஸ்ட் மேல நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பி வளையங்களும் அந்தக் கான்கிரீட்டுக்குள்ள மாட்டிக்கும். இறுகினதும் எல்லாம் ஒரே தளம். ஹாலோகோர்னா மேல முழுக்கக் கம்பி வலை விரிச்சு, அஞ்சு சென்டிமீட்டர் போல டாப்பிங் போடுவாங்க. மொட்டை மாடிக்கு அதுக்கும் மேல வழக்கமான சுருக்கியும் தட்டோடும் வேணும். அதை விட்டுடலாம்னு எந்த லாரிக்காரர் சொன்னாலும் நம்பாதீங்க.

அண்ணாச்சி தலையாட்டினார். ஆனா இந்த ஒழுகல் மேட்டரைத் தேடப் போய்தான் எனக்கு வேற ஒண்ணு கண்ணுல பட்டது. அந்த இணைப்புக் கான்கிரீட்டோட முதல் வேலை தண்ணியைத் தடுக்கிறது இல்லை. கட்டடத்தைக் கட்டிப் பிடிக்கிறது.

கொஞ்சம் மெதுவா வாங்க, இதுதான் இந்த வார மெயின் மேட்டர்.

ஒரே வார்ப்பா போட்ட தளம் நாலு சுவர் மேலயும் உக்காந்திருக்கும். நாலு பக்கமும் தன் எடையைக் கொடுத்து அழுத்திப் பிடிச்சிருக்கும். ஒரு பக்கச் சுவரைக் காத்தோ அதிர்வோ தள்ளினா, தளம் ஒரு தட்டு மாதிரி அந்தத் தள்ளலை வாங்கி, குறுக்குச் சுவர்கள்ட்ட ஒப்படைச்சிரும். செங்கல் சுவரை நேருக்கு நேர் தள்ளினா சீக்கிரம் சாயும், நீளவாக்குல தள்ளினா பயங்கரமாத் தாங்கும். தளத்தோட வேலை, சாயப் போற சுவருக்குத் தாங்குற சுவரை நண்பனாக்கி விடுறது.

ப்ரீகாஸ்ட் பலகை ரெண்டே ரெண்டு சுவர் மேலதான் உக்காரும். மத்த ரெண்டு சுவரும் அதுக்குப் பக்கத்துல சும்மா நிக்கும். மேல பாரம் இல்லை, பிடிமானமும் இல்லை. பலகைகளுக்குள்ளயும் பிணைப்பு இல்லைன்னா அது தட்டு இல்லை, கல்யாண மண்டபத்துல வரிசையாப் போட்ட பெஞ்சு. ஒரு பெஞ்சை இழுத்தா அடுத்ததுக்கு என்ன கவலை?

கடற்கரைக்காரங்களுக்கு இதை ஒரே சொல்லுல சொல்லிரலாம். கட்டுமரம். கட்டினாத்தான் அது மரக்கலம். கயித்தை அவுத்தா நாலு கட்டை தனித்தனியா மிதக்கும், உக்காந்திருந்தவர் தண்ணிக்குள்ள இருப்பார்.

கயிறு கட்டாத கட்டடங்கள் என்ன ஆச்சுன்னு வரலாறு இருக்கு. 1976 ஜூலை 28, விடியக்காலை. சீனாவோட டாங்ஷான் நகரம் தூங்கிக்கிட்டிருந்தது. செங்கல் சுவர், அது மேல ரெடிமேட் தளம்னு கட்டின அடுக்கு வீடுகள் அங்க ஏராளம். பூகம்பத்துல சுவர் கொஞ்சம் வெளியே நகர்ந்ததும் பலகை நுனிக்கு உக்கார இடம் இல்லாமப் போச்சு. மேல் பலகை கீழ் பலகை மேல விழ, அது அதுக்குக் கீழ... அரசாங்கக் கணக்குப்படியே அன்னைக்கு நகரமும் சுத்துவட்டாரமும் இழந்தது 2,42,000 உயிர்கள். எல்லாமே தளத்தாலன்னு சொல்ல முடியாது. ஆனா அதுக்கப்புறம் சீனக்காரங்க செஞ்ச முக்கியமான திருத்தம் என்ன தெரியுமா? செங்கல் சுவரோட மூலைகள்ல கம்பி வச்ச ஒல்லியான கான்கிரீட் தூண், ஒவ்வொரு தளத்து மட்டத்துலயும் சுத்திவர ஒரு கான்கிரீட் பெல்ட். அதாவது, கயிறு.

1988 டிசம்பர் 7, ஆர்மீனியாவுல ஸ்பிடாக் பூகம்பம். அப்போ அது சோவியத் யூனியன். லெனினாகான் நகரத்துல கல்சுவர் மேல ஹாலோகோர் பலகை வச்ச நாலஞ்சு மாடிக் குடியிருப்புகளும் சரிஞ்சது. ரெடிமேட் தூண், உத்திரம் வச்ச ஒன்பது மாடிகளும் சரிஞ்சது. மொத்தம் சுமார் 25,000 பேர். 2008 மே 12, சீனாவோட வென்சுவான். அந்த இடிபாடுகள்லயும் செங்கல் சுவர் மேல ரெடிமேட் பலகை வச்ச பள்ளிக்கூடங்கள் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னாலயே படிச்ச பாடம், ஆனா எல்லா ஊர்லயும் எல்லா கான்ட்ராக்டரும் படிக்கலை. நம்ம நாட்டுலயும் உண்டு. 2001 ஜனவரி 26, பூஜ் பூகம்பம். கட்ச் மாவட்டத்துல ரெடிமேட் பாகங்களால கட்டின பள்ளிக் கட்டடங்கள் பலது, இணைப்பு விட்டுக் கூரை விழுந்தது. அன்னைக்கு குடியரசு தினம், வகுப்பறைகள்ல பாடம் நடக்கலை.

இதை நான் படபடன்னு சொல்லி முடிச்சதும் மாமா கேட்டார்: "ஏல, தூத்துக்குடியில எங்கல பூகம்பம் வருது?"

மாமா பாயிண்ட்டைப் பிடிச்சுட்டார். நம்ம பக்கம் பூகம்ப ஆபத்து குறைவுதான். அதனால இது நமக்கு வேண்டாத பயமா?

"மாமா, கிச்சன்ல என்ன இருக்கு?"

"அடுப்பு."

"அதுக்குக் கீழ?"

"சிலிண்டர்..."

1968 மே 16, லண்டன். ரோனன் பாயிண்ட்னு ஒரு 22 மாடிக் குடியிருப்பு, திறந்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. சுவர், தளம் எல்லாமே ரெடிமேட். விடியக்காலையில 18-வது மாடியில ஒருத்தர் டீ போட அடுப்பைப் பத்த வச்சார். கேஸ் கசிஞ்சிருந்தது. ஒரு வெடிப்பு, ஒரு சுவர் வெளியே விழுந்தது. அது தாங்கின மேல்தளம் விழுந்தது. அப்புறம் கட்டடத்தோட ஒரு மூலை, உச்சியிலிருந்து அடிவரைக்கும் சீட்டுக்கட்டு மாதிரி இறங்கிடுச்சு. நாலு பேர் செத்தாங்க. அடுப்பைப் பத்த வச்சவர் பிழைச்சுக்கிட்டார். அதுக்கப்புறம்தான் பிரிட்டன்ல விதிமுறையையே மாத்தினாங்க. ஒரு அறையில விபத்து நடந்தா சேதம் அந்த அறையோட நிக்கணும். அதுக்குத் தளத்தையும் சுவரையும் கம்பியால பிணைக்கணும். அது செங்கல் சுவர் கட்டடம் இல்லைதான். ஆனா ஒரு சிலிண்டர் வெடிச்சு ஒரு சுவர் போனா மேல இருக்கிற தளம் தொங்குமா, விழுமாங்கிற கேள்வி மாமாவோட மூணு மாடிக்கும் அதேதான்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியாகணும். ப்ரீகாஸ்ட்டே மோசம்னு நான் எழுதுறதா யாரும் நினைக்க வேண்டாம். அதே பிரிட்டன்ல இன்னைக்கும் பிளாக் சுவர் மேல ஹாலோகோர் போட்டுச் சின்ன அப்பார்ட்மென்ட் கட்டுறது சர்வ சாதாரணம். பிணைச்சுக் கட்டுறாங்க, நிக்குது. நமக்குப் பக்கத்துலயே, கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்க. இலங்கையில அரசோட தேசிய பொறியியல் ஆராய்ச்சி மையம் கொண்டு வந்த 'நெர்ட் ஸ்லாப்' அங்க வீடு கட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. செங்கல் சுவர் மேல ஒல்லியான ப்ரீஸ்ட்ரெஸ்டு உத்திரங்களை வரிசையா வைப்பாங்க. உத்திரத்துலயே பலகையைத் தொங்கவிட்டு, மேல கம்பி வலை விரிச்சு மெல்லிசா கான்கிரீட் போடுவாங்க. கீழ முட்டுக் காடு கிடையாது. பாதி ரெடிமேட், பாதி சைட் வார்ப்பு. மேல வர்ற கான்கிரீட் எல்லாத்தையும் ஒண்ணாப் பிடிச்சுக்குது. 2011-ல தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பல் சில மாசம் ஓடினப்போ மாமாவும் போயிட்டு வந்தவர்தான். என்ன, சேலையும் சோப்பும் பாத்துட்டு வந்தாரே தவிர, சீலிங்கைப் பாக்கலை!

தமிழ்நாட்டுல பாக்கணும்னா சென்னை பெரும்பாக்கம் போகணும். மத்திய அரசோட லைட் ஹவுஸ் திட்டத்துல ஆறு நகரங்கள்ல ஆறு விதமான தொழில்நுட்பத்தைச் சோதிச்சாங்க. சென்னைக்குக் கிடைச்சது ப்ரீகாஸ்ட். 2021 ஜனவரி 1 அடிக்கல், 2022 மே 26 திறப்பு. தரைத்தளம் பிளஸ் அஞ்சு மாடி, 1,152 வீடுகள், 116 கோடி ரூபாய். கொரோனா ரெண்டாவது அலை நடுவுல வந்தும் பதினேழே மாசம். ஆனா கவனிங்க மக்களே, அங்க தளத்தைத் தாங்குறது ரெடிமேட் தூணும் உத்திரமும். பிளாக் சுவர் அறையைப் பிரிக்கத்தான். மாமா கேக்குறது வேற. இவருக்குச் சுவர்தான் தூண். அதனால பெரும்பாக்கத்தைக் காட்டி "அங்கயே போட்டாச்சு சார்"னு யாராவது கொட்டேஷன் நீட்டினா, "அங்க சுவர் தூக்குதா, தூண் தூக்குதா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

சுவர் தூக்குற கட்டடத்துக்கு என்ன வேணும்? ஞாயித்துக்கிழமை காலையில சைட்ல அண்ணாச்சியும் நானும் சுண்ணாம்புக் கட்டியால தரையிலயே வரைஞ்சோம். (வைவாவுக்குக்கூட நான் இவ்வளவு தயாரானதில்லை.)

முதல்ல உக்காரும் இடம். ஒம்பது இஞ்சு சுவர்னா 23 சென்டிமீட்டர். ரெண்டு பக்கத்துலயிருந்தும் பலகை வந்து அதுல உக்காரணும். ஆளுக்கு ஒம்பது, பத்து சென்டிமீட்டர் கொடுத்தா நடுவுல மூணு, நாலு சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியிலதான் பிணைப்புக் கம்பியும் கான்கிரீட்டும் போகணும். நாலரை இஞ்சு சுவர்ல இது நடக்கவே நடக்காது. 11.5 சென்டிமீட்டரை ரெண்டு பேருக்குப் பங்கு வச்சா என்ன மிஞ்சும்? அறைக்கு நடுவுல நாலரை இஞ்சுத் தடுப்புச் சுவர் வச்சு அதுல தளத்தை ஏத்தலாம்னு மாமா போட்டிருந்த பிளான் அங்கயே காலி.

செங்கல் மேல பலகையை நேரா வைக்கவும் கூடாது. ஓரச் செங்கல் நொறுங்கும். சுவருக்கு மேல சுத்திவர பெல்ட் கான்கிரீட் போட்டு, அது மேல கலவை விரிச்சு வைக்கணும். அந்த பெல்ட்டுலயிருந்து கம்பி மேல நீட்டிக்கிட்டு இருக்கணும். பாரம் வர்ற ரெண்டு சுவருக்கு மட்டும் பெல்ட் போட்டு மிச்சம் பிடிக்கிறதுதான் நம்ம ஊரு சாமர்த்தியம். சும்மா நிக்கிற அந்த ரெண்டு சுவருக்குத்தான் இது அவசரமா வேணும். பிரிட்டன்ல அந்தச் சுவருக்கு ரெண்டு மீட்டருக்கு ஒரு இரும்புப் பட்டை வச்சுத் தளத்தோட இழுத்துக் கட்டுவாங்க. நாம பெல்ட்டுலயிருந்து கம்பியை எடுத்து, பலகைகளுக்கு மேல குறுக்க ஓட்டி, டாப்பிங்குக்குள்ள புதைச்சா அதே வேலை நடக்கும்.

"இம்புட்டுத்தானா? இது செய்யுத வேலைதான்" என்றார் அண்ணாச்சி. எனக்கு நிம்மதி. ஆனா தூத்துக்குடி அவ்வளவு சுலபமா விடுமா?

மாமா குடியிருக்கிற பழைய வீட்டோட சன்ஷேடை நிமிர்ந்து பாத்தா, காரை பேத்துக்கிட்டுக் கம்பி வெளியே தெரியும். உப்புக் காத்து. இரும்பு துருப்பிடிச்சா ஊதிப் பெருக்கும், உள்ளேயிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். அந்தக் காலத்துல இந்தக் கரையில பவளப் பாறையை வெட்டிச் சுவர் வச்சாங்க, சுண்ணாம்பு சுட்டாங்க. அதுல இரும்பே கிடையாது, துருவும் கிடையாது. அதுக்காகப் பவளத்தைத் தோண்டித் தோண்டி விலாங்குசல்லி, பூவரசன்பட்டின்னு ரெண்டு தீவே கடலுக்குள்ள முங்கிப் போச்சுங்கிறது தனிக் கதை. 2001-லிருந்து பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. இப்போ நமக்குக் கம்பியும் கான்கிரீட்டும்தான் கதி.

ஐ.எஸ். 456 கடலோரத்துக்குத் தனியாவே விதி வச்சிருக்கு. உப்புக் காத்து நேரா படாத உள்பக்கம்னா கம்பிக்கு வெளியே 30 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் வேணும். கடலோரக் காத்துக்குத் திறந்து கிடக்கிற பரப்புன்னா 45, கான்கிரீட்டும் எம்-30. இப்போ அந்தக் குட்டிப் பலகையை நினைச்சுப் பாருங்க. ஓரத்துல மொத்த கனமே 30 மில்லிமீட்டர்! கவரே முப்பதுன்னா கம்பி எங்க போகும்? சமவெளி ஊருக்குப் பொருத்தமான பலகை தூத்துக்குடிக்குப் பொருந்தணும்னு அவசியம் இல்லை. அதனால என்னோட தீர்ப்பு: மாமா சைட்டுக்கு மெல்லிசுப் பலகை வேண்டாம். கனமான பலகை, அது மேல கம்பி வலையோட டாப்பிங். பால்கனியும் சன்ஷேடும் லாரியில வர வேண்டாம், எம்-30-ல சைட்லயே கவர் விட்டு வார்க்கட்டும். மில்லர்புரத்துல கிரேன் நிக்க இடம் இருக்கிறதால இதைச் சொல்ல முடியுது. சந்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு நான் பழைய முறையையே சொல்லுவேன்.

இதுல தூத்துக்குடிக்கு ப்ரீகாஸ்ட்டால ஒரு பெரிய லாபமும் இருக்கு. தண்ணி. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்குற தண்ணியில ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு இருக்கக் கூடாது. கடல் தண்ணியில சுமார் 19,000. நம்ம ஊர் போர்த் தண்ணி இதுக்கு நடுவுல எங்க வேணும்னாலும் நிக்கும். சோதிச்சாத்தான் தெரியும். உள்நாட்டுல நல்ல தண்ணி இருக்கிற இடத்துல வார்த்துக் கொண்டு வந்தா, தளத்தோட பெரும்பகுதி உப்புல இருந்து தப்பிச்சிரும். கலவையில நிலக்கரிச் சாம்பல் சேர்ந்த பி.பி.சி. சிமென்ட் போட்டா உப்பு உள்ள போற வேகமும் குறையும்.

இங்கதான் எனக்குத் திடீர்னு பொறி தட்டினது. பலகை நல்ல தண்ணியில வார்த்தது, சரி. அந்த இணைப்புக் கான்கிரீட்? பெல்ட்? டாப்பிங்? அதெல்லாம் சைட்ல கலக்குறதாச்சே! மொத்தக் கட்டடத்தையும் பிடிச்சிருக்கிற கம்பி முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு. அதை உப்புத் தண்ணியில கலந்தா, கட்டுமரத்துக்குக் கயிறு கட்டிட்டு அந்தக் கயித்தை எலிக்குக் கொடுத்த மாதிரி.

"அண்ணாச்சி, இந்த போர்த் தண்ணி எப்படி?"

அவர் குழாயைத் திறந்து, ஒரு கை அள்ளி வாயில விட்டுத் துப்பினார். "இதுல துணி அலசுனாலே நுரை வராது தம்பி."

"அப்ப லாரித் தண்ணிதான்" என்றேன்.

மாமா பதறினார். "ஏ, பலகையைத்தான் ரெடிமேடா வாங்குதோமே! நடுவுல ஊத்துத இந்தா இம்புட்டுக் கலவைக்கு எதுக்குல லாரித் தண்ணி?"

"அதுக்குத்தான் அண்ணாச்சி மொதல்ல வேணும்" என்றார் கொத்தனார். நேத்து ஒழுகுமான்னு கேட்ட அதே மனுஷன்! என் மூணு வருஷப் படிப்பை முக்கால் மணி நேரத்துல முடிச்சிட்டார்.

அப்புறம் மாமா செல்போனை ஸ்பீக்கர்ல போட்டு லாரிக்காரரைக் கூப்பிட்டார். நான் மூணே கேள்வி கேட்டேன். பலகையில கம்பிக்குக் கவர் எத்தனை மில்லிமீட்டர்? சுவருக்கும் பலகைக்கும் பிணைப்புக் கம்பி எங்க, எப்படி வருது, டிராயிங் தருவீங்களா? கொட்டேஷன் விலையில பெல்ட்டும் டாப்பிங்கும் சேர்ந்திருக்கா?

முதல் கேள்விக்கு "ஸ்டாண்டர்டு சார்." ரெண்டாவதுக்கு "சைட் இன்ஜினியர் வந்து பாத்துக்குவார் சார்." மூணாவதுக்குக் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "டாப்பிங், பெல்ட் எல்லாம் பார்ட்டி பக்கம் சார். நிறைய பேர் அது போடுறதில்லை."

மாமா கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். டாப்பிங்குக்குக் கம்பி வலை, பெல்ட், லாரித் தண்ணி, கிரேன் வாடகை எல்லாத்தையும் அண்ணாச்சி வாயால சொல்லச் சொல்லக் கூட்டிப் பாத்தார். பழைய முறையைவிட மிச்சம்னு லாரிக்காரர் சொன்ன தொகையில பெரும்பகுதி கரைஞ்சிருச்சு. ஆனா முட்டுக் காடு இல்லாததால மிச்சமாகிற மாசங்கள் அப்படியே இருந்தது. ஆறு வீட்டு வாடகைன்னா அந்த மாசங்களுக்கும் விலை உண்டுதானே? அதனால வேண்டாம்னும் சொல்ல முடியலை.

"சரி, கவர் எம்புட்டு, கம்பி எங்கன ரெண்டையும் டிராயிங்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாரச் சொல்லு. வந்தா போடுவோம். வரலைன்னா அண்ணாச்சி சென்ட்ரிங் அடிக்கட்டும்" என்றார் மாமா.

இதை எழுதுற வரைக்கும் டிராயிங் வரலை. அண்ணாச்சி ரெண்டு தடவை போன் பண்ணிட்டார்.